கடலூர், புதுச்சேரி பக்கம் வந்தால் எங்கே, எப்போது, என்ன சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. "சனி, ஞாயிறு பாண்டிக்கு வருகிறோம், நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று சென்னையிலிருந்து சித்தி மகன் கேட்பான், பெங்களூரிலிருந்து கூட வேலை பார்த்தவர் கேட்பார். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கடைப் பெயர்கள் குறைவாகத்தான் இருக்கும். கடை கைமாறும், சமையல்காரர் ஊர் மாறிப் போவார். எந்த மாதத்தில் எது விளையும், எந்த நேரத்தில் எது அடுப்பிலிருந்து இறங்கும் என்பது அப்படிச் சட்டென்று மாறாது. அதைத் தெரிந்துகொண்டு வந்தால் யாருடைய சிபாரிசும் இல்லாமலே நன்றாகச் சாப்பிடலாம்.

முதல் முறை வருகிறோம். கட்டாயம் சாப்பிட வேண்டியது எது?

மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அதிலும் பெரிய ஓட்டலை விட வீட்டோடு சேர்ந்த மெஸ்தான் என் தேர்வு. கடலூர் முதுநகர், மஞ்சக்குப்பம் பக்கமும், புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் பக்கமும் இப்படிச் சின்னச் சின்ன மெஸ்கள் உண்டு. கணவர் கல்லாவில் இருப்பார், மனைவி அடுப்படியில் இருப்பார், பரிமாறுவது தம்பியோ மகனோ. இலையில் சோறு விழுந்ததும் குழம்பு வாளி வரும். "அண்ணே, இன்னைக்கு என்ன மீனு?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். சங்கரா, கிழங்கான், பாறை என்று அன்றைக்கு வந்ததைச் சொல்வார்கள். "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்பது வெளியூர்க்காரர்கள் பழக்கம். வஞ்சிரம் நல்ல மீன்தான், ஆனால் அது வறுவலுக்குத்தான் பொருத்தம். குழம்புக்குச் சங்கராவும் கிழங்கானும் எங்கள் பக்கத்தில் ஒரு படி மேல். முள் இருக்கும், பொறுமையாகச் சாப்பிட வேண்டும்.

சுறாப்புட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பால் சுறாவை வேக வைத்துத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பொலபொலவென்று வதக்குவது அது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று வீட்டில் செய்து கொடுப்பார்கள். மெஸ்ஸில் தினமும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள். ரசம் சோற்றுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

எந்தக் கடை நல்ல கடை என்று போனதும் எப்படித் தெரிந்துகொள்வது?

மணி பாருங்கள். மீன் சாப்பாடு போடும் நல்ல மெஸ்ஸில் பன்னிரண்டரைக்கே கூட்டம் வந்துவிடும், இரண்டரைக்குக் குழம்பு தீர்ந்துவிடும். நாலு மணிக்குப் போனாலும் எல்லா மீனும் இருக்கிறது என்று சொல்கிற இடத்தில் அது காலையில் வந்த மீனா என்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பேங்க் ஊழியர், ஆட்டோ ஓட்டுநர், கோர்ட்டுக்கு வந்த கிராமத்துக்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தயங்காமல் உள்ளே போகலாம். இவர்கள் நாளைக்கும் வருகிறவர்கள். ஒரு நாள் குழம்பு கெட்டால் மறுநாள் வரமாட்டார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பி நடக்கும் கடைக்கு அந்தப் பயம் இல்லை.

தங்குமிடத்தில் விசாரிக்கும்போதும் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். உங்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று நினைத்து ஏசி ஓட்டலைக் காட்டுவார்கள். "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள்.

மீன் சாப்பிட எந்த மாதம் நல்லது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிடுவார்கள். அப்போது மீனே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் கரையோரம் போய்ப் பிடித்து வருவார்கள். வரத்து குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றன்று பிடித்த மீன். அந்த நாட்களில் பெரிய மீன் தேடி அலையாமல் நெத்திலி, மத்தி, காரப்பொடி என்று சின்ன மீனாகக் கேளுங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அந்தக் கோடைக்கு அதுதான் சாப்பாடு. மாங்காயும் அப்போதுதான் வரும்.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதும் மீன் வரத்து கூடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை கொடுத்தால் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அப்போது கருவாட்டுக் குழம்பு கேளுங்கள். மழை நாளில் கத்திரிக்காயும் பலாக்கொட்டையும் போட்ட கருவாட்டுக் குழம்பு மீன் இல்லாத குறைக்கு வைப்பதில்லை, அதற்காகவே ஆசைப்பட்டு வைப்பது.

துறைமுகத்துக்கே போய் மீன் வாங்கலாமா?

தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டாலும் பார்ப்பதற்காகவே போகலாம். கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கும் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கும் விடியற்காலையில் போய்விட வேண்டும். ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். அங்கே பெரும்பாலும் கூடைக் கணக்கில்தான் கைமாறும். சில்லறையாக வாங்க, சற்றுத் தள்ளி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போக வேண்டும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் நேற்றைய மீன். கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே வர வேண்டும். நண்டு வாங்கினால் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வற்றிக் கிடக்கும் என்பது கடற்கரைக்காரர்கள் சொல்லும் கணக்கு.

பேரம் பேசலாம், ஆனால் அளவோடு. அந்த அக்கா இரவு முழுக்கத் தூங்காமல் கூடையோடு வந்து உட்கார்ந்திருப்பவர். மீனை வெட்டிக் கொடுக்கத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். அரிவாள்மணையில் செதிலைச் சீவி, வயிற்றைக் கீறி, குழம்புக்கு இவ்வளவு தடிமன், வறுவலுக்கு இவ்வளவு தடிமன் என்று துண்டு போடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் வேண்டாம்.

வீட்டில் என்ன செய்தாலும் இந்த மீன் குழம்பு ருசி வரவில்லையே, ஏன்?

வடகம். எங்கள் பக்கத்துக் குழம்பின் ரகசியம் பெரும்பாலும் அதுதான். இது பொரித்துத் தின்னும் வடகம் இல்லை, தாளிப்பு வடகம்.

சித்திரை வெயில் ஏறியதும் வீட்டு மொட்டை மாடிகளில் இந்த வேலை தொடங்கிவிடும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நசுக்கி, அதில் உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு கலந்து ஊற வைப்பார்கள். வெயிலில் காய வைத்து, சாயங்காலம் மறுபடி பிசைந்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார்கள். காய்ந்து, உடைத்து, மறுபடி உருட்டி என்று பல நாள் இது நடக்கும். கடைசியில் கரும்பழுப்பு நிறத்தில் கல் மாதிரி உருண்டைகள் நிற்கும். அந்தத் தெருவில் நடந்தாலே யார் வீட்டில் வடகம் காய்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். வருஷம் முழுக்கக் கெடாது.

குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில், நல்லெண்ணெயைச் சூடாக்கி ஓர் உருண்டையிலிருந்து கிள்ளிப் போடுவார்கள். அது படபடவென்று பொரிந்து சிவந்ததும் குழம்பில் கொட்டி உடனே தட்டைப் போட்டு மூடிவிட வேண்டும். அந்த மணம் வெளியே போகக் கூடாது. பிரெஞ்சு சமையல்காரர்கள் பயன்படுத்தும் வடுவான் என்ற மசாலா இந்த வடகத்திலிருந்து பிறந்ததுதான். காரத்தைக் குறைத்துப் பொடியாக வைத்திருக்கிறார்கள். மாடியில் காய்ந்த உருண்டைக்கு முன்னால் அது எனக்குச் சாதுவாகத் தெரிகிறது.

புதுச்சேரியின் பிரெஞ்சுச் சாப்பாடு உண்மையிலேயே உள்ளூர்ச் சாப்பாடா? இல்லை, சுற்றுலாவுக்காகவா?

இரண்டும் உண்டு. கடற்கரைச் சாலையை ஒட்டிய வெள்ளை நகரத்தில் இருக்கும் கஃபேக்களில் பாதி, எந்த ஊரிலும் கிடைக்கும் பாஸ்தாவும் பீட்சாவும்தான் விற்கின்றன. அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. ஆனால் கிரியோல் சமையல் என்று ஒன்று இருக்கிறது. அது இந்த ஊர் வீடுகளில் வளர்ந்தது. பிரெஞ்சு முறையில் மெதுவாக வேக வைத்த இறைச்சியில் நம் மஞ்சளும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்திருக்கும், காரம் அடக்கமாக இருக்கும். புயாபேஸ் என்ற மீன் சூப்பும் இங்கே வந்து மஞ்சள் நிறம் ஏறிவிட்டது. பழைய வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் சில தங்கும் விடுதிகளில் இந்தச் சமையல் கிடைக்கும். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இன்னொரு வழியாகவும் இந்த ஊருக்குச் சாப்பாடு வந்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரித் தமிழர்கள் பலர் சைகோனுக்குப் போய் அதிகாரிகளாகவும் சிப்பாய்களாகவும் வேலை செய்தார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் வியட்நாம் மனைவியோடு வந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இன்றும் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பங்கள் கொண்டு வந்ததுதான் நெம். மெல்லிய அரிசித் தாளில் இறைச்சியும் காய்கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். புதுச்சேரியில் விசேஷ வீடுகளிலும் அதைப் பார்க்கலாம். பிரெஞ்சுக் கஃபேயில் ஒரு வேளை சாப்பிடுவதை விட நல்ல நெம் தேடிச் சாப்பிடுவது இந்த ஊரை அதிகம் காட்டும் என்பது என் கருத்து.

கிறிஸ்துமஸ் சமயம் வந்தால் விவிகம் கேக் கேளுங்கள். மைதாவுக்குப் பதில் ரவை, நிறைய முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை. ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்துவிடும். விறகு அடுப்பில் நீள ரொட்டி சுடும் பழைய பேக்கரிகளும் இன்னும் சில இருக்கின்றன. ரொட்டி சூடாக வெளியே வரும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

கடல் தாண்டி வந்த சாப்பாடு இங்கே புதிதும் இல்லை. அரியாங்குப்பத்தை அடுத்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த சாடிகளில் மீனை ஊற வைத்துச் செய்யும் கேரம் என்ற குழம்புச் சாறு வந்த சாடிகளும் உண்டு. கருவாடு காயும் கரைக்கு ரோமானியப் பேரரசிலிருந்து மீன் சாறு கப்பலேறி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பயணம் செய்ய வேண்டும்.

சிதம்பரம் போங்கள். கத்திரிக்காய் கொத்சு அந்த ஊர்ச் சொத்து. கத்திரிக்காயை நன்றாக வேக வைத்து மசித்து, புளிக்கரைசலில் கொதிக்க விட்டு, வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் சேர்ப்பது. மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்துக்கு அது ஜோடி. நடராஜர் கோயில் நைவேத்தியத்தில் சேர்ந்தது இது. ஊர் ஓட்டல்களில் காலையில் இட்லிக்கே கொத்சு ஊற்றுவார்கள். சாம்பார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

வடலூர் வழியாகப் போனால் வள்ளலாரின் சத்திய தருமச்சாலையில் இறங்குங்கள். 1867ஆம் ஆண்டு மே 23 அன்று தொடங்கிய அன்னதானம் அது. அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் என்ன என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். பயணிகளாகிய நாம் அங்கே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், தப்பில்லை. கிளம்பும்போது அரிசிக்கோ பருப்புக்கோ முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் சாப்பிடுபவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் உணவுக்கூடத்தில் எளிமையான சைவச் சாப்பாடு உண்டு. அனுமதிச் சீட்டு முன்னதாக வாங்க வேண்டும். ஆரோவில்லின் சோலார் கிச்சனில், மாடியில் இருக்கும் 15 மீட்டர் விட்டக் கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி தருகிறது, அந்த நீராவியில் சமைக்கிறார்கள். விருந்தினர்கள் முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியோடு உட்கார்ந்து ஊர்ப் பேச்சைக் கேட்கலாம்.

பண்ருட்டிப் பலாப்பழம் எப்போது கிடைக்கும்? எப்படிப் பார்த்து வாங்குவது?

சித்திரையிலிருந்து ஆடி வரை. கடலூரிலிருந்து பண்ருட்டிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் போல ஆகும். சாலையோரம் மரத்தடியில் பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பழத்தைத் தட்டினால் கெட்டிச் சத்தம் வராமல் சற்றே பொத்தென்று கேட்க வேண்டும், முள் அகன்றிருக்க வேண்டும், கிட்டே போகும்போதே வாசம் வர வேண்டும். முழுப்பழம் தூக்க முடியாவிட்டால் சுளையாகவே தருவார்கள். கையில் பால் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொண்டு அவர்கள் பழத்தைப் பிளந்து, சடையை விலக்கிச் சுளையை எடுப்பது ஒரு கைப்பழக்கம். அதே வட்டாரத்தில் மாசி, பங்குனியில் முந்திரிப் பழம் வரும். பறித்த அன்றே தின்ன வேண்டும், மறுநாள் தாங்காது. தொண்டை கொஞ்சம் கரகரக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது இந்தத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தாத்தா காலத்துப் பலா மரங்கள் ஒரே காலையில் போயின. இப்போது நீங்கள் சாப்பிடும் சுளையில் பல, அதற்குப் பிறகு நட்டு வளர்த்த மரங்களுடையவை. விலை கேட்டு முகம் சுளிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கடற்கரையில் விற்பதைச் சாப்பிடலாமா?

அவித்த மல்லாட்டை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மாங்காய்ப் பத்தை, சுண்டல் எல்லாம் சரிதான். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் வறுவல் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். முன்பே வறுத்து அடுக்கியதை வேண்டாம் என்று சொல்லி, மசாலா தடவி வைத்திருக்கும் பச்சைத் துண்டைக் காட்டி உங்கள் கண்முன் வறுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு நிறம் மிளகாயால் வருவதில்லை.

திருவிழா நேரத்தில் மட்டும் கிடைப்பது என்ன?

தை ஐந்தாம் நாள் பெண்ணையாறு, கெடிலம் கரையில் ஆற்றுத் திருவிழா. ஊர்ச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும். அங்கே சுருளிக்கிழங்கு விற்பார்கள். அவித்துத் தோலுரித்துச் சாப்பிடும் கிழங்கு, அன்றைக்கு வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சில இடங்களில் கருவாட்டுக் குழம்பு. தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டு ஊற்றுவார்கள். கூப்பிட்டால் போங்கள், கையில் ஒரு சொம்பு இருந்தால் இன்னும் நல்லது.

பிச்சாவரம் போகிறோம். அந்தப் பக்கம் என்ன சாப்பிடலாம்?

அலையாத்திக் காட்டுச் சேற்றில் பிடித்த நண்டும் இறாலும். நண்டு மசாலா சொல்லிவிட்டுப் படகேறினால் திரும்பும்போது தயாராக இருக்கும். பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயில் வரை போகிறவர்கள் வீராணம் ஏரி மீன் கேட்கலாம். விரால் குழம்பு கடல் மீன் குழம்பிலிருந்து முற்றிலும் வேறு ருசி.

தெரிந்தவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா?

மற்ற திட்டத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள். பழமோ பூவோ வாங்கிப் போங்கள். சமைத்த அம்மாவிடம் எது பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். மறுசோறு வேண்டாம் என்றால் முதல் தடவை கேட்கமாட்டார்கள், இலையின் மேல் கையை விரித்துத் தடுக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

பண்ருட்டி முந்திரி, தாளிப்பு வடகம், நெத்திலிக் கருவாடு. முந்திரியில் முழுப்பருப்புக்கும் உடைத்த பருப்புக்கும் விலை வேறு, பாயசத்துக்கு உடைத்ததே போதும். வடகம் கடையில் வாங்குவதை விடத் தெரிந்த வீட்டில் கேட்டு வாங்குவது மேல். கருவாடு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததா என்று ஒடித்துப் பாருங்கள். செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரும் பயணம் செய்ய வேண்டும் அல்லவா. புதுச்சேரியில் மது விலை குறைவு என்று பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டு எல்லையில் சோதனைச்சாவடி உண்டு, பிடித்தால் வழக்குதான்.